ஒரே குரலில் இரண்டு கட்சி

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி நேற்றே முடிந்துவிட்டது. தள்ளுபடி மட்டும் முடியவில்லை. காலையில் மெத்தைக் கடைக்காரர் போன் செய்து, "நேத்து 'இன்றே கடைசி'னு ஓடுச்சு இல்ல, அத எடுத்துட்டு 'உண்மையிலேயே இன்றே கடைசி'னு போட்டுக் குடும்மா" என்றார். சிரிக்காமல் பேசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேங்கிக்காலில் இந்தப் பின்னறைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு மைக் முன்னால் உட்கார ஆரம்பித்ததிலிருந்து, ஊரில் என் முகம் தெரிந்தவர்கள் கம்மி. குரல் தெரியாதவர்கள் அதைவிடக் கம்மி. பௌர்ணமிக்கு 'கிரிவலம் வரும் பக்தர்களின் கனிவான கவனத்திற்கு', கண் சிகிச்சை முகாம், நகைக்கடை, மாநாடு, கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை எல்லாம் நான்தான். நான் பேசிக் கொடுப்பதை என் வீட்டுக்காரர் மாறன் பென் டிரைவில் போட்டு, ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். வீட்டில் என் பேச்சைக் கேட்பதைவிட ரோட்டில்தான் அந்த மனுஷன் அதிகம் கேட்கிறார். அதற்குத்தான் காசும் வருகிறது என்பார்.

மழை பிடித்துக்கொண்டது. கம்பளியைத் தாண்டியும் சத்தம் கேட்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

மழை. மைக்கை ஆன் செய்தால் மழைதான் பேசுகிறது. வேலை நடக்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி நடந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

அடி அண்ணாமலையில் ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டது. வழிந்த தண்ணீர் வாய்க்காலில் போயிருக்க வேண்டும். போகவில்லை. நேராகக் கீழத்தெருவுக்குள் நுழைந்துவிட்டது. மாறனின் அம்மா இருப்பது அங்கேதான். காலையிலிருந்து அத்தைக்கு போன் போகவில்லை. மாறன் ஆட்டோவை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அத்தைக்கு போன் போட்டுக்கொண்டே போனேன்.

நாங்கள் போய் நிற்கவும், தெருமுனையில் டிராக்டர் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. டிரெய்லரில் பெண்கள். நடுவில் அத்தை சந்திரம்மாள், மகாராணி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் துணி மூட்டை, கையில் டிவி ரிமோட்.

"ரிமோட் எதுக்கு அத்தை?"

"டிவியத் தூக்க முடியல. இதையாவது தூக்கிக்கினு வந்தேன்."

அப்போதுதான் மாறன் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வாங்க என்று எவ்வளவோ கூப்பிட்டோம். "உங்க வூட்ல யாரு இருக்கறா? தெருவே இங்கதான் இருக்குது. நான் தெருவோடயே இருக்கறேன்" என்று பாயை விரித்துவிட்டார்.

அக்டோபர் 25, சனி

விடிந்ததும் முதல் ஆளாக சக்திவேல் அண்ணன் வந்தார். ஆளுங்கட்சிக்கு அந்த ஊர்க் கிளைச் செயலாளர். கையில் ஒரு தாள். படித்துப் பார்த்தேன். 'கடந்த ஆட்சியில் ஏரியைத் தூர்வாராமல் ஏப்பம் விட்டவர்களே, கீழத்தெருத் தாய்மார்களின் கண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள்.' பேசிக் கொடுத்தேன். பின்னணியில் சோக இசை வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் காசி அண்ணன். இவர் எதிர்க்கட்சி, அதே ஊர், அதே பதவி. அதுமட்டுமா, சக்திவேல் அண்ணனின் கூடப்பிறந்த தங்கை தனத்தைக் கட்டியவர். இவர் கையிலும் தாள். 'மழை வருமென்று தெரிந்தும் தூங்கிய ஆட்சியாளர்களே, கீழத்தெருத் தாய்மார்களின் கண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள்.'

கண்ணீர் இரண்டு தாளிலும் ஒன்றுதான்.

"மச்சான் வந்துட்டுப் போனாரா?" என்று கேட்டார்.

"இப்பதாங்க போனாரு."

"இன்னா மியூசிக் போட்டாரு?"

"சோகம்."

"அப்ப எனக்கு கோவமாப் போடு."

காலையில் மாறன் ஒன்றை ஓட்டினார், சாயங்காலம் இன்னொன்றை. அதே ஆட்டோ, அதே குழாய், அதே நான்.

அக்டோபர் 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்பு.

"தோ வந்துட்டா. காலைல அவர வைய்யறா, சாயங்காலம் இவர வைய்யறா. ஏம்மா எழிலு, உன் புருசன எப்ப வைய்யப் போற?"

கேட்டது வேறு யாருமில்லை, என் மாமியார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் காது சூடாகிவிட்டது. என்ன செய்வது? மெத்தைக்கும் பேசுகிறேன், கட்சிக்கும் பேசுகிறேன். மெத்தையைப் பற்றிச் சொல்வதை மெத்தைக்காரரே நம்புவதில்லை. இதுவும் அப்படித்தானே? அப்படித்தானா?

மதியம் ஒரு கூத்து. சக்திவேல் அண்ணன் சாம்பார் சாத அண்டாவோடு வந்து இறங்கினார். அதே சமயம் எதிர்ப்பக்கத்திலிருந்து காசி அண்ணன் லெமன் சாத அண்டாவோடு. இரண்டு பக்கமும் போன் வைத்துக்கொண்டு படம் எடுக்க ஆள். "முதல்ல வந்தது நாங்க." "அடுப்புல வச்சது நாங்க முதல்ல." நடுவில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு வாய் அது, ஒரு வாய் இது என்று சாப்பிட்டார்கள். அத்தைக்கு இரண்டிலும் உப்பு கம்மி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் இல்லை. இருட்டில் படம் சரியாக விழாது போல.

தனம் அக்காதான் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பிலேயே உப்புமா கிண்டினார். கிண்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்க அண்ணனும் அவரும் ஒருத்தர ஒருத்தர் வைய்யற நேரத்துக்கு ஆளுக்கு ஒரு மம்மட்டி எடுத்திருந்தா, இந்நேரம் நான் எங்க வூட்ல இருந்திருப்பேன்." அவர் வீட்டிலும் தண்ணீர். எதிர்க்கட்சிக்காரர் பெண்டாட்டி, ஆளுங்கட்சிக்காரர் தங்கை, படுப்பது பள்ளிக்கூடத்துப் பாயில்.

அக்டோபர் 27, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. பாத்திரங்களை வெளியே எடுத்துக் காய வைக்கிறார்கள்.

தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். வாய்க்காலுக்குக் குறுக்கே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கான்கிரீட் கட்டை. ஒன்று சக்திவேல் அண்ணன் கட்சியின் கொடிமேடை. இன்னொன்று, காசி அண்ணன் கட்சி கிரிவலம் வருகிறவர்களுக்காகக் கட்டிய தண்ணீர்ப் பந்தல். கீழே தண்ணீர் போக ஆளுக்கொரு குழாய் விட்டிருக்கிறார்கள், ஒரு தவளை கூட நுழையாத அளவில்.

"ஞாயித்துக்கிழமை திரும்பவும் பெரிய மழைன்னு சொல்றாங்க" என்றார் அதிகாரி. "அதுக்குள்ள இது ரெண்டையும் எடுத்தாகணும்."

"எடுத்துடலாம் சார். முதல்ல அவங்கள எடுக்கச் சொல்லுங்க" என்றார் சக்திவேல் அண்ணன்.

"அவங்கதான சார் முதல்ல கட்னாங்க, அவங்களே முதல்ல எடுக்கட்டும்" என்றார் காசி அண்ணன்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் எடுக்க வேண்டுமானால் நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, மேலே அனுப்பி, ஆள் கூப்பிட்டு... அதற்குள் மழை வந்து போய்விடும். "அவங்கவங்களே எடுத்துக்கிட்டா எனக்குக் கும்பிடு போடற வேலை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கும்பிட்டார். இரண்டு பேரும் திரும்பக் கும்பிட்டார்கள். யாரும் அசையவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று முடியவில்லை.

புதுத் தாள் வந்தது. சக்திவேல் அண்ணனுடையதில் 'வாய்க்காலை வழிமறித்த அந்த நபரே'. அந்த நபர் அவருடைய தங்கை வீட்டுக்காரர்தான். காசி அண்ணனுடையதில் 'கொடி பறக்க ஊரை மூழ்கடித்த அந்த ஆசாமியே'. போன மாசம் இந்த ஆசாமியோடுதான் ஒரே வண்டியில் உட்கார்ந்து மேல்மலையனூர் போய்வந்தார்.

பேச ஆரம்பித்தேன். 'கீழத்தெருத் தாய்மார்களின் கண்ணீர்' வந்ததும் நிறுத்திவிட்டேன். யாரும்மா அழுதா? என் மாமியா அழுதாங்களா? தனம் அக்கா அழுதாங்களா? அங்க உக்காந்து எல்லாரும் சிரிச்சிக்கினு இருக்காங்க. இவங்க வந்து கண்ணீர் கண்ணீர்னு... ஞாயித்துக்கிழம மழை வந்து திரும்பவும் உள்ள தண்ணி புகுந்தா அப்ப அழுவாங்க. அதுக்கும் நானே ரெண்டு பாட்டு போட்டுக் குடுக்கணும். ச்சே.

மைக்கை அணைத்துவிட்டுத் தொண்டை கட்டிவிட்டது என்று இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன்.

மாறன் டீ போட்டுக் கொண்டு வந்தார். "தேர்தல் வர வருசம் எழில். கட்சி வேலைதான் நமக்குப் பாதி சோறு" என்றார். தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ஓட்டப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றியது. அவருடைய அம்மா ஆயிற்றே அங்கே படுத்திருப்பது.

டீயைக் குடித்துக்கொண்டே பழைய பதிவுகளைக் கேட்டேன். ஒன்று கவனித்தேன். யாரையாவது திட்டுகிற பதிவுக்கு இவர்கள் ஒருநாளும் திருத்தம் சொன்னதில்லை. நன்றி சொல்கிற பதிவு என்றால் மட்டும் திரும்பத் திரும்ப வருவார்கள். 'அண்ணன்' போதாது, 'அன்பு அண்ணன்' போடு. பெயரை இழுத்துச் சொல். இன்னொரு தடவை சொல்.

அப்படியா சங்கதி.

அக்டோபர் 29, புதன்

செய்துவிட்டேன். சந்தோஷமா பயமா தெரியவில்லை.

முதலில் தனம் அக்காவுக்கு போன் போட்டேன். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "போடு எழிலு. வூட்ல இருக்கறவர நான் பாத்துக்கறேன். எங்க அண்ணன எங்க அம்மா பாத்துக்கும்."

பேசினேன். சோகமும் வேண்டாம், கோபமும் வேண்டாம் என்று நாதஸ்வரம் போட்டேன்.

'அன்பார்ந்த கீழத்தெருப் பொதுமக்களே. மக்கள் நலன் ஒன்றே பெரிதெனக் கருதி, தமது கட்சியின் கொடிமேடையைத் தாமே முன்வந்து அகற்ற இசைந்திருக்கும் பெருந்தகையாளர், அன்பு அண்ணன் சக்திவேல் அவர்களுக்கும், தமது கட்சியின் தண்ணீர்ப் பந்தலைத் தாமே முன்வந்து அகற்ற இசைந்திருக்கும் கொடைவள்ளல், ஆருயிர் அண்ணன் காசி அவர்களுக்கும் ஊர்மக்களின் நெஞ்சார்ந்த நன்றி. நாளைக் காலை வாய்க்கால் கரையில் நடைபெறவிருக்கும் இந்த மாபெரும் நிகழ்வைக் காண அனைவரும் வருக.'

பெயரை நன்றாக இழுத்தேன். இன்னொரு பதிவில் காசி அண்ணன் பெயரை முன்னால் போட்டேன். சக்திவேல் அண்ணன் வீட்டுப் பக்கம் ஒன்று, காசி அண்ணன் டீ குடிக்கிற கடைப் பக்கம் ஒன்று. மாறன் ஆட்டோவை எடுக்கும்போது, "நாளைக்கு நமக்கு வேலை இல்லன்னா மெத்தை வாங்கிப் படுத்துக்கலாம், உண்மையிலேயே கடைசி நாள்தான" என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டது தப்பில்லை.

ஆட்டோ தெருவுக்குள் போனதும் பெண்கள் வெளியே வந்து கை தட்டினார்களாம். அத்தை நேராக சக்திவேல் அண்ணன் வீட்டுக்குப் போய், "நல்லா இருப்பா, உங்கப்பன் பேர காப்பாத்திட்ட" என்று நெற்றியில் விபூதி பூசிவிட்டு வந்தாராம். அப்படியே காசி அண்ணனுக்கும்.

போன் வந்தது. சக்திவேல் அண்ணன்.

"இன்னாம்மா இது? யாரக் கேட்டு இதப் போட்ட?"

"தப்பாப் போயிடுச்சுங்களாண்ணா? இல்ல, அண்ணன் எடுக்க மாட்டாருன்னு இன்னொன்னு பேசி ஓட்டிடட்டுங்களா?"

பின்னால் யாரோ அவரை வாழ்த்துகிற சத்தம் கேட்டது.

"அதெல்லாம் வேணாம்" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "எம் பேரு முதல்ல வருதா, அவன் பேரு முதல்ல வருதா?"

"உங்க பேருதாங்கண்ணா."

வைத்தார். அடுத்து காசி அண்ணன். அவரிடமும் அதையே சொன்னேன். இரண்டும் பொய்யில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். முகாமில் இருந்தவர்கள், கிரிவலம் வந்தவர்கள், ஆடு மேய்க்க வந்தவர்கள் எல்லாரும் வாய்க்கால் கரையில். அதிகாரியும் வந்துவிட்டார். காசி அண்ணன் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி ஜேசிபி கொண்டுவந்திருந்தார். டீசல் சக்திவேல் அண்ணன்.

யார் முதலில் அடிப்பது என்று திரும்பவும் நின்றது. ஆளுக்கொரு கடப்பாரையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. இங்கேயே கலைந்துவிடுமோ?

தனம் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அண்ணா, நீ அதுல கைய வை. ஏங்க, நீங்க இதுல. நான் மூணு சொல்லுவேன். மூணுக்கு ரெண்டும் விழணும். ஒண்ணு முன்ன பின்ன விழுந்துச்சோ, ரெண்டு வூட்லயும் இன்னிக்கு சோறு கிடையாது."

விழுந்தது. ஒரே சத்தம்.

அப்புறம் ஜேசிபி பார்த்துக்கொண்டது. கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்தபோது அடியிலிருந்த குழாய்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததையும் இழுத்துப் போட்டார்கள். பழைய பேனர்கள். பொதுக்கூட்டம், பிறந்தநாள், வரவேற்பு. சக்திவேல் அண்ணன் கட்சியும் காசி அண்ணன் கட்சியும் சேற்றில் பின்னிப் பிணைந்து, எந்தப் பக்கம் யார் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு துண்டில் காசி அண்ணன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சக்திவேல் அண்ணனின் மீசை.

முதலில் யார் சிரித்தது தெரியாது. அதிகாரி திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. கடைசியில் அவர்கள் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். "இந்தப் போட்டோல நீ ஒல்லியா இருக்க மாப்ள" என்றார் சக்திவேல் அண்ணன்.

தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் பாய்ந்தது. தெருவில் தேங்கியிருந்ததெல்லாம் திரும்பி வாய்க்காலுக்குள் இறங்குவதைப் பிள்ளைகள் கத்திக்கொண்டே துரத்தினார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

நேற்றைய சந்தோஷத்துக்கு இன்று விலை. சக்திவேல் அண்ணனை மேலிடத்தில் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்களாம், கட்சிக் கொடிமேடையை நீயே இடித்தாயா என்று. காசி அண்ணனுக்கும் அதேதான் கிடைத்திருக்கிறது. இருவரும் என் போனை எடுக்கவில்லை.

அவர்களுடைய பதவிக்கு ஏதாவது ஆனால்? அதற்கு நான்தானே காரணம். மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் திரும்ப ஒருமுறை செய்யச் சொன்னால் செய்வேன். அதில் சந்தேகமில்லை.

அத்தை வீட்டைக் கழுவி விட்டோம். சேறு சுவரில் கோடு போட்டிருக்கிறது. "சுண்ணாம்பு அடிக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன், இப்ப அடிச்சிடலாம்" என்றார் அத்தை. தண்ணீர் வந்த பிறகு இன்று ராத்திரிதான் முதல்முறையாகத் தன் வீட்டில் படுக்கிறார்.

நவம்பர் 1, சனி

தனம் அக்கா போன் செய்தார். திட்டு வாங்கின இருவரும் நேற்று சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்களாம். அக்கா வடை சுட்டே ஓய்ந்துபோனாராம். பதவிக்கு ஒன்றும் ஆகாது, இந்த ஊரில் அந்தப் பதவிக்கு வேறு யார் வருவார்கள் என்றார்.

எனக்கு இன்று பசித்தது.

நவம்பர் 2, ஞாயிறு

சொன்ன மாதிரியே மழை. போன வாரத்தைவிட ஜாஸ்தி. மலையே தெரியவில்லை. ஏரி திரும்பவும் கோடி போகிறது என்று மத்தியானம் போன் வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று 'கீழத்தெரு மக்கள் உடனே பள்ளிக்கூடத்துக்கு வரவும்' என்று பேசி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம்.

வாய்க்கால் முக்கில் மாறன் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகிறது, ஆனால் போகிறது. கான்கிரீட் இருந்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேர். தலையில் சாக்கைக் குல்லா மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு, குறுக்கே வந்து சிக்கிய பனை மட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீசையை வைத்துத்தான் யாரென்று தெரிந்தது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. படம் எடுக்கவும் யாருமில்லை. எங்களையும் அவர்கள் பார்க்கவில்லை.

மட்டை விடுபட்டதும் தண்ணீர் இன்னும் வேகம் பிடித்தது. கரையில் ஏறி உட்கார்ந்து ஒரே பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார்கள். நனைந்து போயிருந்தது.

தெருவுக்குள் மெதுவாகப் போனோம். தரையில் மழைத் தண்ணீர் மட்டும்தான். கதவெல்லாம் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அத்தை வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், போர்த்திக்கொண்டு நல்ல மத்தியானத் தூக்கம். பக்கத்து வீட்டிலும் குறட்டை.

மாறன் பென் டிரைவைச் சொருகப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க. தூங்கட்டும்."